லுக்கீமியா வைரஸ் உள்ள பூனையும் இல்லாத பூனையும் ஒரே வீட்டில்: நான் கடந்துவந்த பாதை

ஒரே வீட்டில் மூன்று பூனைகள் இருந்து, அவற்றில் ஒன்றுக்கு மட்டும், இரத்தச்சோகையும் புற்றுநோயும் வரவைக்கக்கூடிய லுக்கீமியா வைரஸ் இருப்பது தெரியவந்தால், விசாரிக்கிற இடத்திலெல்லாம் இரண்டே பதில்கள்தான் கிடைக்கும். “உடனே அதை வேறு எங்காவது அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற இரண்டும் போய்விடும்” என்று சிலர் சொல்வார்கள். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது, எங்கள் வீட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் சாப்பிடுகின்றன, ஒன்றாகத்தான் தூங்குகின்றன” என்று வேறு சிலர் சொல்வார்கள். இரு தரப்பினரும் துளியும் சந்தேகமில்லாமல் பேசுவதால், கேட்பவருக்குத்தான் குழப்பம் அதிகமாகும். அந்தக் குழப்பத்தில் நான் இழந்த உறக்கத்தையும் பணத்தையும் இன்னொருவரும் இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்றைக்கே யாரையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை. எல்லாரையும் ஒன்றாக விட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு பூனையின் உடலும் அந்த வைரஸை எப்படி எதிர்கொண்டிருக்கிறது என்பது தெரியவரச் சில வாரங்கள் பிடிக்கும். அது தெரிந்த பிறகுதான் யாரை யாரோடு வைப்பது என்ற கேள்விக்கு விடை தேடவே முடியும்.

மல்லி எங்கள் வீட்டில் மூத்தவள். ஒன்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கருப்பிக்கு மூன்று வயது. இருவரும் வீட்டை விட்டு வெளியே போய்ப் பழகியவர்கள் அல்லர். செவலை, ஒரு வயதுகூட நிரம்பாத கடுவன். அவனைத் தெருவிலிருந்து எடுத்துப் பராமரித்த ஒருவர், கருத்தடை முடிந்துவிட்டது, தடுப்பூசிகள் எல்லாம் போட்டாயிற்று என்று சொல்லி, தடுப்பூசி அட்டையோடு என்னிடம் ஒப்படைத்தார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பூனைகளுக்கு வழக்கமாகப் போடப்படும் கூட்டுத் தடுப்பூசி பான்லுக்கோபீனியா, ஹெர்பிஸ், காலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கு எதிரானது. லுக்கீமியா வைரஸ் அந்த மூன்றில் சேராது. அதற்கென்று தனி ஊசி உண்டு. ஆகவே பூனையைத் தத்தெடுக்கும்போது “தடுப்பூசி போட்டாயிற்றா?” என்று மட்டும் கேட்டால் போதாது. லுக்கீமியா வைரஸுக்கான ஆன்டிஜென் பரிசோதனை (வைரஸின் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யப்பட்டதா, எந்தத் தேதியில் செய்யப்பட்டது, அதற்கு முந்தைய வாரங்களில் அது வேறு பூனைகளோடு இருந்ததா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். தேதியை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செவலையும் கருப்பியும் வெகு சீக்கிரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ஒரே மெத்தையில் படுப்பார்கள். கருப்பி அவன் தலையைப் பிடித்து வைத்துக்கொண்டு காதோரம் முழுவதும் நக்கிச் சுத்தம் செய்வாள். மல்லிக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவன் அறைக்குள் வந்தால் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்து உறுமுவாள். அவளுடைய அந்தச் சிடுசிடுப்புக்காக அப்போது நான் வருத்தப்பட்டேன், ஆனால் அதுதான் அவளைக் காப்பாற்றியதோ என்று பிறகு தோன்றியது. இந்த வைரஸ் முக்கியமாக உமிழ்நீர் வழியாகப் பரவுகிறது. மூக்குச் சளி, சிறுநீர், மலம், தாய்ப்பால் ஆகியவற்றிலும் அது இருக்கும். ஒன்றையொன்று நக்குவது, ஒரே கிண்ணத்தில் நீர் குடிப்பது, கடித்துக்கொள்வது எல்லாமே அது பரவும் வழிகள்தான். அதனால் பூனைகள் பாசமாக இருக்கும் வீட்டிலும் இந்த நோய் சுலபமாகப் பரவும். 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் இந்த வைரஸைக் கண்டறிந்ததே, ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றுநோய் வந்ததைக் கவனித்த பிறகுதான்.

செவலைக்கு முதலில் வந்தது காய்ச்சல். மருந்து கொடுத்தால் இறங்கும், நிறுத்திய சில நாட்களில் மறுபடியும் வரும். ஈறுகள் சிவந்து வீங்கின. உணவைப் பார்த்து ஆசையாக வருவான், ஒரு வாய் கடித்துவிட்டுப் பின்வாங்குவான். எடை குறைந்துகொண்டே போனது. மருத்துவமனையில் சில சொட்டு இரத்தம் எடுத்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் ஊற்றி வைத்தார்கள். ஐந்து நிமிடங்களுக்குள்ளாகவே அதில் ஒரு நீலப் பொட்டு தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. வைரஸின் பி27 என்ற புரதம் இரத்தத்தில் இருப்பதைக் காட்டும் ஆன்டிஜென் பரிசோதனை அது. அந்தப் பட்டையை மேசைமேல் வைத்தபடியே அந்த மருத்துவர், இவனைக் கருணைக்கொலை செய்துவிடுவது மற்ற இரண்டு பூனைகளுக்கும் நல்லது என்றார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன், குரல் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவனைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவனை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். கருப்பி அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை.

இரண்டாவதாக நான் போன மருத்துவர் சொன்ன விளக்கத்தை முதலாமவரே சொல்லியிருந்தால், அந்த வாரம் எனக்கு வேறு மாதிரி கழிந்திருக்கும். அந்தச் சிறு பட்டைப் பரிசோதனை ஒரு தொடக்கம் மட்டுமே என்றார் அவர். நோய் அறிகுறி எதுவும் இல்லாத பூனைக்கு அது ‘இருக்கிறது’ என்று காட்டினால், தவறான முடிவாக இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் வேறொரு முறையில் உறுதிப்படுத்தாமல் அதன்மேல் எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது. செவலையைப் போல அறிகுறி உள்ள பூனையிடம் அந்த முடிவை நம்பலாம் என்றாலும், வைரஸ் அவன் உடலில் நிலைத்துவிட்டதா, அல்லது உடல் அதை மடக்கிக்கொண்டிருக்கும் நடுவழியில் நாம் பார்க்கிறோமா என்பதை அது சொல்லாது. அதற்காகத்தான் இரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி, வைரஸின் மரபுக்குறிப்பைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும், சில வாரங்கள் கழித்து மறுபடியும் ஆன்டிஜென் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்றார்.

வைரஸ் உடலுக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதை அவர் ஒரு தாளில் எழுதியே காட்டினார். சில பூனைகள் தொடக்கத்திலேயே வைரஸை முற்றிலும் விரட்டிவிடுகின்றன. சில பூனைகள் அதை விரட்ட முடியாவிட்டாலும் அடக்கிவிடுகின்றன. அப்போது வைரஸின் மரபுக்குறிப்பு பூனையின் உயிரணுக்களுக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும், ஆனால் வைரஸ் இரத்தத்தில் சுற்றுவதில்லை, உமிழ்நீரில் வெளியேறுவதும் இல்லை. அத்தகைய பூனைக்கு ஆன்டிஜென் பரிசோதனையில் ‘இல்லை’ என்றும், பிசிஆரில் ‘இருக்கிறது’ என்றும் வரும். மூன்றாவது வகையில் எதிர்ப்பு சக்தி தோற்றுவிடுகிறது. வைரஸ் எலும்பு மஜ்ஜையில் பெருகி, இரத்தத்திலும் உமிழ்நீரிலும் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றாம் வகைப் பூனைதான் மற்றவற்றுக்குத் தொற்றவைக்கும் பூனை. அதற்குத்தான் இரத்தச்சோகை, புற்றுநோய், வேறு தொற்றுகள் எல்லாம் வந்து, பெரும்பாலும் நோய் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள் இறக்கிறது. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு, அந்தச் சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

மல்லிக்கும் கருப்பிக்கும் அன்றே பரிசோதித்தோம். இருவருக்கும் ‘இல்லை’ என்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மருத்துவர் அந்த மகிழ்ச்சியை அப்போதே அனுமதிக்கவில்லை. வைரஸ் உடலுக்குள் போன உடனே ஆன்டிஜென் இரத்தத்தில் தெரிந்துவிடாது. பெரும்பாலும் 30 நாட்களுக்குள் தெரியவரும், சிலவற்றுக்கு இன்னும் தாமதமாகலாம். அதுவரை செவலையோடு ஒட்டி உறவாடிய கருப்பிக்கு அன்றைய ‘இல்லை’ என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடைசியாகத் தொடர்பு இருந்த நாளிலிருந்து கணக்கு வைத்து, 30 முதல் 60 நாட்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். பரிசோதனைத் தேதியைக் கேளுங்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். தெருவிலிருந்து எடுத்த மறுநாளே பரிசோதித்து ‘இல்லை’ என்று எழுதிய அட்டைக்குப் பெரிய மதிப்பில்லை. மூன்று பூனைகளுக்கும் இரண்டு சுற்று ஆன்டிஜென் பரிசோதனை, அதோடு பிசிஆர் என்று கணக்குப் பார்த்தபோது, என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிருந்தது. இருந்தாலும் இந்த நோய்க்காக நான் செலவழித்த பணத்தில் மிகவும் பயனுள்ளதாக இருந்தது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். மிகவும் வீணானது, வேறொரு கிளினிக்கில் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லி மாதாமாதம் எழுதிக் கொடுத்த டானிக்குகள். இந்த வைரஸை உடலிலிருந்து நீக்கும் மருந்து இதுவரை இல்லை என்பதை ஒரு வரியில் சொல்லாமல் அவற்றை விற்றுக்கொண்டிருந்தார்கள். இருக்கிற பணம் குறைவு என்றால் முதலில் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள், அடுத்து தொற்றில்லாத பூனைக்கான தடுப்பூசிக்கு, பிறகு நோயுள்ள பூனையின் வாய்க்கும் பற்களுக்கும்.

காத்திருந்த வாரங்களில் மூவரையும் மூன்று இடங்களில் வைக்க வேண்டியிருந்தது. கருப்பிக்குத் தொற்றியிருந்தால் அவள் மல்லிக்குக் கொடுத்துவிடக்கூடும் என்பதால், அவர்கள் இருவரையும் ஒன்றாக விட முடியவில்லை. இரண்டாம் சுற்று முடிவு வந்தபோது செவலைக்கு ஆன்டிஜென்னும் பிசிஆரும் இருப்பதாகவே காட்டின. அவன் மூன்றாம் வகை. மல்லிக்கு இரண்டிலும் இல்லை. கருப்பிக்கு ஆன்டிஜென் இல்லை, பிசிஆரில் இருந்தது. அவளுடைய உடல் வைரஸைப் பிடித்து அடக்கி வைத்திருந்தது. செவலையின் முடிவுக்கு நான் மனத்தளவில் தயாராகியிருந்தேன், கருப்பியுடையதற்கு இல்லை. அவளை எந்தப் பக்கம் வைப்பது? செவலையோடு விட்டால் அவனுக்குத் துணை கிடைக்கும் என்று தோன்றியது. ஆனால் அடக்கி வைத்திருக்கும் பூனையை, வைரஸை ஓயாமல் வெளியேற்றும் பூனையின் அருகில், அதன் மற்ற நோய்க்கிருமிகளுக்கும் நடுவில் வைப்பது நியாயமாகப் படவில்லை. அடக்கி வைத்திருக்கும் பூனை சாதாரண நிலையில் பிறருக்குத் தொற்றவைப்பதில்லை என்று மருத்துவரும் சொன்னார். ஆகவே மல்லிக்குத் தடுப்பூசி முழுவதும் போட்டு முடித்த பிறகு கருப்பியை அவளோடு விட்டேன். செவலை தனியாக இருந்தான். இந்த ஏற்பாட்டைக் கேட்டு, வைரஸ் உள்ள இரண்டையும் ஒரு பக்கமும் இல்லாத ஒன்றை மறுபக்கமும் வைப்பதுதானே முறை என்று கேட்டவர்கள் பலர். பிசிஆர் முடிவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எந்தப் பூனையின் உமிழ்நீரில் வைரஸ் இருக்கிறது என்று பார்த்தால் நான் செய்ததுதான் சரி.

தடுப்பூசி பற்றிச் சில செய்திகள். இந்த வைரஸுக்கான தடுப்பூசி 1985 முதல் இருக்கிறது. மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, ஓராண்டு கழித்து ஊக்கத் தவணை, ஆபத்து தொடரும் வீட்டில் அதன்பின் ஆண்டுதோறும் என்பது பொதுவான முறை. ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு இது எந்தப் பயனும் தராது, அதனால் பரிசோதித்த பிறகே போட வேண்டும். எல்லா மருத்துவமனைகளிலும் இது கையிருப்பில் இருப்பதில்லை. முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கலாம், அந்தத் தாமதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் ஒன்றில், முழங்காலுக்குக் கீழே போடும்படி கேளுங்கள். மிக அரிதாக ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு; அது காலில் வந்தால் அறுவை சிகிச்சைக்கு வழியிருக்கும், தோள்பட்டைகளுக்கு நடுவில் வந்தால் மிகவும் கடினம். இந்தத் தடுப்பூசி நூறு சதவீதம் பாதுகாப்புத் தருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஊசி போட்டாயிற்று, இனி செவலையை வெளியே விடலாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

இனி தனிமைப்படுத்துவதைப் பற்றி. தொடக்கத்தில் நான் எல்லாவற்றையும் அளவுக்கு மீறிச் செய்துகொண்டிருந்தேன்: அவன் அறைக்குள் போகத் தனி உடை, தனிச் செருப்பு, வெளியே வந்ததும் குளியல். இந்த வைரஸுக்கு அவ்வளவு தேவையே இல்லை. பூனையின் உடலுக்கு வெளியே அது மிகவும் பலவீனமானது. உலர்ந்த பரப்பில் சில மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது, ஈரத்தில் மட்டும் இன்னும் சற்று நேரம் இருக்கும். சாதாரண சோப்பும் துணி துவைக்கும் தூளுமே அதை அழித்துவிடும். ஆகவே கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுவது, கிண்ணங்களையும் மணல் தட்டையும் அந்தந்த அறைக்கென்று பிரித்து வைப்பது, அவற்றைத் தனிப் பஞ்சால் கழுவுவது ஆகிய மூன்றும் ஒழுங்காக நடந்தால் போதும். எந்த அறைக்கு முதலில் போவது என்பதிலும் ஒரு வரிசை வைத்துக்கொள்வது நல்லது. காலையில் முதலில் மல்லிக்கும் கருப்பிக்கும் உணவு, மணல் தட்டு எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் செவலையிடம் போவேன். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எதிர்ப்பு சக்தி குறைந்த அவனுக்கு மற்ற கிருமிகளை நாம் கொண்டுபோகக் கூடாது என்பதால், அவனிடம் போவதற்கு முன்பும் கை கழுவ வேண்டும். பலர் வெளியே வரும்போது மட்டும் கழுவுகிறார்கள்.

சிக்கல் கதவில்தான் வந்தது. அறைக்கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. கருப்பி வெளியே படுத்துக்கொண்டு அந்த இடைவெளியில் முன்னங்காலை நுழைப்பாள், அவன் உள்ளேயிருந்து அதை நக்குவான். அடியில் ரப்பர் பட்டை ஒட்டி அதை அடைத்தேன். பிறகு, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவாவது செய்யட்டும் என்று கம்பி வலை போட்ட சட்டம் ஒன்று செய்து மாட்டினால், வலையின் ஊடே மூக்கோடு மூக்கு வைத்து நக்கிக்கொண்டார்கள். ஆகவே வலை வைப்பதானால் ஒன்று போதாது. நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு வலைகள் வேண்டும். மனிதர்கள் அவசரத்தில் கதவைத் திறக்கும்போது பூனை கால்களுக்கு நடுவே பாய்ந்து ஓடிவிடும் என்பதற்கும் இந்த இரட்டை வலை உதவுகிறது, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றொன்றைத் திறக்கலாம். இதைச் செய்துமுடித்த பிறகுதான் வீட்டிலிருந்த மற்றவர்கள் கதவு விஷயத்தில் என்னோடு சண்டை போடுவதை நிறுத்தினார்கள்.

ஆனால் கிருமியைவிட என்னைச் சோர்வாக்கியது அவனுடைய தனிமை. இரவில் கத்துவான், பசியில் கத்துவதைப்போல இருக்காது, அடித்தொண்டையிலிருந்து நீளமாக வரும். தனியாக வைத்த முதல் சில நாட்களில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். பூனை ஓரிரு நாட்களுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனவே ‘பழகிவிடும்’ என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். நான் படுக்கையை எடுத்துக்கொண்டு போய் அவன் அறையில் படுக்க ஆரம்பித்தேன், அன்று இரவே அவன் சாப்பிட்டான். அதன்பின் அந்த வீட்டில் எனக்கு இரண்டு குடித்தனம் நடந்தது என்று சொல்லலாம். வேலை முடிந்து வந்ததும் இங்கே ஒரு மணி நேரம், அங்கே ஒரு மணி நேரம். விருந்தினர் வந்தாலும் இதே கணக்கு. வெளியூர்ப் பயணம் என்பதே இல்லை. நோயுள்ள பூனையைத் தனியே வைக்கத் திட்டமிடுகிறவர்கள் முதலில் அறையைத் தேடுகிறார்கள். அதைவிட, அந்த அறையில் தினமும் உட்காரப் போகிறவர் யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்றால், வேறு பூனை இல்லாத ஒரு வீட்டில் அந்தப் பூனையை வளர்க்க ஆள் தேடுவதுதான் அதற்கு நல்லது. அதைக் கைவிடுதல் என்று நினைக்கத் தேவையில்லை. இந்த வைரஸ் மனிதருக்கோ நாய்க்கோ தொற்றுவதில்லை என்பதை அப்படித் தேடும்போது தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பயத்தினால் மறுப்பவர்களே அதிகம்.

ஒன்றாகவே விட்டுவிடலாமா என்ற எண்ணம் எனக்கும் வந்தது, அதுவும் அந்த இரவுகளில் அடிக்கடி வந்தது. வயது வந்த பூனைகளுக்கு இந்த வைரஸை எதிர்க்கும் திறன் குட்டிகளைவிட அதிகம் என்பது உண்மைதான். மல்லிக்குத் தடுப்பூசியும் போட்டிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகவே வளர்த்து எதுவும் ஆகாமல் போன வீடுகள் இருக்கின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வயதினால் வரும் அந்தத் திறன் முழுமையானது அல்ல. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தினமும் ஒரே கிண்ணத்தில் குடிக்கும்போது ஆபத்தும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது. மருத்துவர்களின் வழிகாட்டுதல்களிலும் முதல் பரிந்துரை பிரித்து வைப்பதுதான். உரிமையாளரால் அது முடியாவிட்டால் மட்டும் தொற்றில்லாதவற்றுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு சேர்த்து வைக்கலாம் என்று அடுத்தபடியாகச் சொல்கிறார்கள். வீட்டில் குட்டிகள் இருந்தால் இந்த இரண்டாவது வழியை யோசிக்கவே கூடாது என்பது என் கருத்து. எனக்குக் கைகொடுத்தது நடுவழி ஒன்று. மாலையில் மல்லியையும் கருப்பியையும் படுக்கையறையில் விட்டுச் சாத்திவிட்டு, செவலையைக் கூடத்தில் திறந்துவிடுவேன். அங்கே கிண்ணமோ மணல் தட்டோ இருக்காது. அவன் ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான், சோபாவைக் கீறுவான். அவன் திரும்பிப் போனதும் தரையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, காலையில்தான் மற்றவர்களை விடுவேன். அப்படி ஆரம்பித்த பிறகு இரவுக் கத்தல் பெரிதும் குறைந்தது.

அவன் ஓரளவு நன்றாக வாழ்ந்த காலமும் இருந்தது. பற்களைச் சுத்தம் செய்து, கெட்டுப்போனவற்றைப் பிடுங்கிய பிறகு மீண்டும் சாப்பிட ஆரம்பித்து எடை கூடினான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, தெள்ளுப்பூச்சிக்கும் குடற்புழுவுக்கும் தவறாமல் மருந்து, பச்சை இறைச்சி அறவே கூடாது என்பவைதான் அவனுக்கான விதிகள். பச்சை இறைச்சியில் இருக்கும் கிருமிகளைச் சமாளிக்க அவனுடைய உடலால் முடியாது. வாரம் ஒருமுறை அவன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கும். இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பி வர வேண்டும். ஒரு நாள் அழுத்துவதற்கு முன்பே அது மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தது, காதின் உட்புறத்திலும் சிவப்பே இல்லை. பூனையின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு சாதாரணமாக 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். அவனுக்கு 14 என்று வந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். லுக்கீமியா உள்ள பூனைக்கு இரத்தச்சோகை வந்தால், ‘வைரஸ்தான் காரணம், இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று மருத்துவமனையிலேயே சொல்லிவிடுவதுண்டு. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிப்பதும் இத்தகைய பூனைகளில் நடக்கும்; அதற்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்து உண்டு. அந்தக் கிருமிக்கான பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். செவலைக்கு அது இருந்தது, மருந்தில் நன்றாகத் தேறினான், எனக்குப் பல மாதங்கள் கூடுதலாகக் கிடைத்தன. அந்த மாத்திரையைக் கொடுத்ததும் சிறிது தண்ணீரோ உணவோ உள்ளே போக வேண்டும், உலர்ந்தபடி தொண்டையில் தங்கினால் உணவுக்குழாயில் புண் வந்துவிடும்.

மறுபடியும் இரத்தம் குறைந்தபோது அந்தக் கிருமி இல்லை. எலும்பு மஜ்ஜையே புதிய அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தியிருந்தது. இரத்தம் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். கருப்பியின் இரத்தத்தை எடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, கூடவே கூடாது என்றார். அடக்கி வைத்திருக்கும் பூனையின் இரத்தத்தை ஏற்றினால், பெறும் பூனைக்கு வைரஸும் சேர்ந்து போய்விடும் என்பதால், ஆன்டிஜென் மட்டும் பார்த்துக் கொடையாளியை ஏற்கக் கூடாது, பிசிஆரும் பார்க்க வேண்டும். செவலைக்கு அது இனி பெரிய விஷயமில்லை என்றாலும் வேறு எந்தப் பூனைக்கும் அவள் இரத்தம் கொடுக்கக் கூடாது என்பதைக் குறித்துக்கொண்டேன். மல்லிக்கு வயது அதிகம். பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று இரத்த வகைகள் உண்டு. முதல் முறை ஏற்றும்போதே வகை பொருந்தாவிட்டால் உயிர் போகும் அளவுக்கு எதிர்வினை வரலாம் என்பதால் அதையும் பார்க்க வேண்டியிருந்தது. பொருந்திய கொடையாளி ஒன்று வெளியிலிருந்து கிடைத்தது. சேமிப்பில் பெரும்பகுதி அந்த ஒரே வாரத்தில் கரைந்தது; பலன் சில வாரங்களே நீடித்தது. இன்னொரு முறை ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் மருத்துவர் முதல் நாளே சொன்ன அதே சொல்லை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து நானே சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் இப்போது அவன் எழுந்து தண்ணீர் குடிக்கவும் முடியாமல் இருந்தான், அது அவனுக்காக எடுத்த முடிவாக இருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். இன்றும் சில நாட்களில் அதில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அவன் அறையைச் சுத்தம் செய்வது எளிதாகவே இருந்தது. துணிகளைத் துவைத்து, தரையைக் கழுவி, மணல் தட்டை மட்டும் தூக்கிப் போட்டேன். இந்த வைரஸ் தங்குமிடத்தில் ஒளிந்திருந்து பிறகு தாக்கும் வகையைச் சேர்ந்தது அல்ல. வேறு பூனையைக் கொண்டுவருவதாக இருந்தால், வந்த அன்றே ஒரு பரிசோதனை, இரண்டு மாதம் தனி அறை, மறுபடியும் ஒரு பரிசோதனை என்ற வரிசை இப்போது எனக்கு மனப்பாடம். குட்டிகளையும் எந்த வயதிலும் பரிசோதிக்கலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்களோ முன்பு போட்ட தடுப்பூசியோ ஆன்டிஜென் பரிசோதனையைக் குழப்புவதில்லை. மல்லிக்குக் கடைசியாகச் செய்த இரண்டு பரிசோதனைகளிலும் வைரஸ் இல்லை. வீட்டில் இப்போது வைரஸை வெளியேற்றும் பூனை இல்லையென்றாலும், கருப்பியின் பொருட்டு மல்லிக்கு ஆண்டுத் தடுப்பூசியைத் தொடர்கிறேன்.

கருப்பிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆன்டிஜென் பார்க்கிறோம். இதுவரை ‘இல்லை’ என்றே வருகிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளாலோ, கடுமையான நோயாலோ அவள் உடலில் அடங்கியிருக்கும் வைரஸ் மறுபடியும் கிளம்பக்கூடும் என்பதால், அவளுடைய மருத்துவ அட்டையின் முதல் பக்கத்திலேயே ‘லுக்கீமியா பிசிஆர் பாசிட்டிவ், ஆன்டிஜென் நெகட்டிவ், ஸ்டீராய்டு தருமுன் கேட்கவும், இரத்தக் கொடைக்கு ஏற்றதல்ல’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் தோல் அரிப்புக்காக வேறொரு மருத்துவரிடம் காட்டியபோது அவர் ஸ்டீராய்டு ஊசியைக் கையில் எடுத்துவிட்டு, அந்த வரியைப் படித்ததும் கீழே வைத்துவிட்டார். முதலில் தெள்ளுப்பூச்சி மருந்தைப் போட்டுப் பார்க்கலாம் என்றார். அதிலேயே அரிப்பு நின்றுவிட்டது.